நோயென்று தீர்ப்பளித்தவர் யார்?

(மாதர் வாசிப்பு வட்டத்தினரின் அழைப்பை ஏற்றுச் சட்டத்தரணி ஒருவர் ஆற்றிய உரையின் வடிவம்.)



இன்று மாலை நீங்கள் ஒரு படத்தைப் பார்க்க வந்தீர்கள். துண்டுப் பிரசுரத்திலும் அவ்வாறே அச்சிட்டிருந்தோம். மண்டபத்தைத் தர இசைந்திருந்தவர்கள், படத்தின் தலைப்பிலுள்ள ஒரு சொல்லின் பொருளை எவரோ விளக்கிச் சொன்னதும், முற்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். படத்தை அவர்கள் பார்க்கவில்லை. பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள் என்று நாம் வேண்டியபோதும் பார்க்க மறுத்தார்கள். ஆகவேதான் இவ்வீட்டு முற்றத்தில், படமின்றி, படத்தைப் பற்றி மட்டும் பேச நிற்கின்றேன். சாட்சியைக் கூண்டில் ஏறவிடாமலே வழக்கைத் தள்ளியதற்கு ஒப்பான செயல் இது. நீதிமன்றத்தில் நடந்திருந்தால் மேன்முறையீடு செய்திருப்பேன்.

அச்சொல்லை மறைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் பேசுவது கோழைத்தனம். படத்தின் பெயர் ‘ஓர்காசம் இன்க்’. புணர்ச்சியின் உச்ச இன்பம், அதை முதலாகக் கொண்ட கம்பனி என்று நாம் பொருள் கொள்ளலாம். 2009ஆம் ஆண்டில் வெளிவந்த அமெரிக்க ஆவணப்படம் அது. எடுத்தவர் லிஸ் கேனர் என்னும் பெண்மணி. தலைப்பைக் கேட்டு முகஞ்சுளிப்பவர்கள் எதிர்பார்க்கும் காட்சிகளுக்காக எடுக்கப்பட்ட படமன்று அது. கம்பனிகள், வைத்தியர்கள், அரசாங்க விசாரணை, அவற்றின் நடுவே தன் உடலைப் பற்றி எவருமே சரியாகச் சொல்லித்தராத பெண்கள். இவைதாம் அதன் பொருள்.

படம் பிறந்த கதையே விசித்திரமானது. கேனர் அதற்கு முன்னர் மனித உரிமை மீறல்களைப் பற்றிப் படமெடுத்து வந்தவர். கொடுமைகளையே ஆண்டுக்கணக்கில் பார்த்துச் சலித்த மனத்துக்கு ஒரு மாறுதலாக, பெண்களின் இன்பத்தைப் பற்றி ஒரு படம் எடுக்க எண்ணினார். அவ்வேளையில் கலிபோர்னியாவிலுள்ள விவஸ் என்னும் மருந்துக் கம்பனி அவருக்கு ஒரு வேலை கொடுத்தது. அக்கம்பனி ‘அலிஸ்ரா’ என்ற பெயரில் பெண்களுக்கான ஒரு களிம்பைச் சோதித்துக்கொண்டிருந்தது. ஆண்களின் குறைபாட்டுக்கென 1996ஆம் ஆண்டிலேயே அனுமதி பெற்று அது விற்றுவந்த அதே மருந்துச் சரக்குத்தான் இக்களிம்பிலும் இருந்தது. சோதனைக்கு வரும் பெண்கள் பார்ப்பதற்கான காமச்சுவைப் படங்களைத் தொகுத்துக் கொடுப்பதே கேனரின் வேலை. வேலைக்குப் போனவர், அங்கு நடப்பவற்றைப் படம்பிடிக்க அனுமதி கேட்டார். கம்பனியும் கொடுத்தது! தன் வீட்டுக் கதவைத் தானே திறந்துவிட்டோம் என்பதை அது அப்போது உணர்ந்திருக்கமாட்டாது. அன்று தொடங்கிய படம் முடிய ஒன்பது ஆண்டுகள் சென்றன.

இங்கே எதிர்த்தரப்பு நியாயவாதி எழுந்து நிற்பார். “உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று உங்கள் முன்னோரே சொல்லவில்லையா? சம்பளம் வாங்கிய கைதானே அக்கம்பனிக்கு எதிராகக் கமராவைத் தூக்கியது?” என்று கேட்பார். நல்ல கேள்வி. சம்பளம் வாங்கிய செய்தியை அந்த அம்மை மறைத்திருந்தால் அவருடைய சாட்சியம் முழுவதையும் நானே ஒதுக்கியிருப்பேன். அவரோ அதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டுத்தான் கதையை ஆரம்பிக்கின்றார். வெளிப்படுத்தப்பட்ட சார்பு சாட்சியத்தின் நிறையைக் குறைக்கலாம், சாட்சியத்தையே அழிக்கமாட்டாது. மறைக்கப்பட்ட சார்பு என்ன செய்யும் என்பதற்கு இனி வருகின்றேன்.

1998ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் பைசர் கம்பனியின் வயாகரா குளிசைக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அது ஆண்களுக்கானது, பெரும் பணம் ஈட்டிக்கொடுத்தது. உலகில் மற்றைய பாதி பெண்களாயிற்றே, அந்தப் பாதிக்கும் ஒரு குளிசை விற்கலாகாதா என்ற எண்ணம் கம்பனிகளுக்கு எழுந்ததில் வியப்பில்லை. இடையில் ஒரு செய்தி. பெண்ணின் இன்பவுறுப்பின் முழு அமைப்பையும் ஆராய்ந்து, பாடப்புத்தகங்கள் அதுவரை பிழையாகவும் குறைவாகவுமே சொல்லிவந்தன என்று அவுஸ்திரேலிய சத்திர வைத்தியர் ஹெலன் ஓ’கொன்னல் எழுதியதும் அதே 1998ஆம் ஆண்டில்தான். மனிதன் சந்திரனில் கால்வைத்து இருபத்தொன்பது ஆண்டுகள் கழிந்த பின்னர்!

குளிசை விற்க வேண்டுமாயின் நோய் வேண்டும். நோயைக் காட்ட ஒரு தொகை வேண்டும். அத்தொகை 1999ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில் கிடைத்தது. அமெரிக்க வைத்தியச் சங்கத்தின் சஞ்சிகையில் வெளிவந்த கட்டுரையொன்று, அந்நாட்டுப் பெண்களில் நூற்றுக்கு 43 பேருக்குப் பாலியற் செயற்குறைபாடு உண்டென்றது. நூற்றுக்கு நாற்பத்து மூன்று! ஊரில் பாதிப்பேருக்கு ஒரு வியாதி என்றால் அது கொள்ளைநோயன்றோ?

அத்தொகை எங்கிருந்து வந்தது? 1992ஆம் ஆண்டில் 18 முதல் 59 வயது வரையிலான 1749 பெண்களிடம் எடுத்த கணக்கிலிருந்து வந்தது. நாட்டமின்மை, பதற்றம், வலி, இன்பமின்மை போன்ற ஏழு வினாக்கள். முந்திய ஓராண்டில் சில மாதங்கள் அப்படி இருந்ததுண்டா என்பதே கேள்வி. ஏழில் ஒன்றுக்கு ‘ஆம்’ என்றவரும் நோயாளர் கணக்கிற் சேர்ந்துவிட்டார் என்பதை றே மொய்னிகன் என்ற பத்திரிகையாளர் 2003ஆம் ஆண்டு ஜனவரியில் பிரித்தானிய வைத்திய சஞ்சிகையில் எடுத்துக்காட்டினார். பிள்ளை பெற்று நான்கு மாதமான தாயையும், கணவனுடன் மனஸ்தாபப்பட்டவளையும், வேலை பறிபோன கவலையில் நித்திரையின்றிக் கிடந்தவளையும் அந்த வினாக்களின் முன்னே நிறுத்திப் பாருங்கள். மனக்கவலைக்கும், வருமான வீழ்ச்சிக்கும் இக்குறைபாடுகளோடு தொடர்பு உண்டென்று அக்கட்டுரையே சொல்லியிருந்தது. அந்தப் பக்கத்தை எவரும் விளம்பரப்படுத்தவில்லை. கட்டுரையாசிரியர்களுள் இருவருக்குப் பைசர் கம்பனியுடன் தொடர்பிருந்தமை கட்டுரை வெளிவந்த பின்னரே அச்சஞ்சிகையில் வெளியிடப்பட்டது. நான் சொன்ன மறைந்த சார்பு இதுதான்.

கமக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வெங்காயத்தாளின் நுனி மஞ்சளித்தால், மருந்துக் கடைக்காரரிடம் கொண்டுபோய்க் காட்டுகின்றோம். தண்ணீர் கூடிவிட்டது, இரண்டு நாள் காயவிடு என்று எந்தக் கடைக்காரராவது சொன்னதுண்டா? போத்தலை எடுத்துத்தானே வைப்பார்?

படத்தில் என்னை உலுக்கியது இந்தக் கணக்குகளன்று; ஒரு முதிய பெண்மணியின் கதை. வட கரோலினாவில் ஒரு வைத்தியர், வலிநோயாளரின் முள்ளந்தண்டில் மின்கம்பி வைத்துச் சிகிச்சை செய்யும்போது, ஒருத்திக்கு அது எதிர்பாராத இன்ப உணர்ச்சியைத் தந்ததைக் கண்டார். உடனே அதனையே ஒரு கருவியாக்கிச் சோதிக்க முற்பட்டார். அச்சோதனைக்குத் தாமாகவே முன்வந்தவர்களுள் இந்த அம்மையும் ஒருவர். கணவனுடன் கூடும்போது உச்ச இன்பம் தமக்குக் கிட்டுவதில்லை, ஆகவே தம் உடலில் ஏதோ பழுதிருக்கின்றது என்பது அவருடைய நம்பிக்கை. அந்த ஒரு நம்பிக்கைக்காக முதுகெலும்பைத் துளைக்க இடங்கொடுத்தார்! மின்சாரத்தை விட்டார்கள். இன்பம் வரவில்லை. கால்தான் துடித்தது. கம்பிகளைப் பின்னர் கழற்றினார்கள்.

இதற்குப் பிறகு கேனருடன் நடக்கும் உரையாடலில்தான் படத்தின் உயிர் இருக்கின்றது. பெண்களிற் பெரும்பாலோருக்குப் புணர்ச்சியால் மட்டும் உச்ச இன்பம் கிட்டுவதில்லை, அது இயல்பே, பழுதன்று என்ற செய்தி அந்த அம்மைக்குத் தெரியவருகின்றது. வாழ்நாள் முழுவதும் சுமந்த குற்றப்பத்திரிகை ஒரு வாக்கியத்தில் கிழிந்துபோகின்றது. அம்முகத்தில் தோன்றும் ஆறுதலைப் பார்த்தபோது, எனக்குப் பெருங்கோபமே வந்தது. அந்த ஒரு வாக்கியத்துக்குக் காசு வேண்டுமா? ஊசி வேண்டுமா? கத்தி வேண்டுமா? அதைச் சொல்ல ஒருவரும் இல்லாத காரணத்தால் அன்றோ அவர் சத்திரசிகிச்சை மேசையில் ஏறினார்!

பெண்ணுறுப்பை ‘அழகுபடுத்தும்’ சத்திரசிகிச்சைகளையும் படம் காட்டுகின்றது. அதைப் பற்றி நான் நீட்டவில்லை. அவற்றின் பாதுகாப்புக்குப் போதிய சான்றில்லை என்று அமெரிக்க மகப்பேற்று வைத்தியர் கல்லூரி 2007ஆம் ஆண்டிலேயே எச்சரித்தது என்பது போதும்.

விசாரணைக்கு வருவோம். 2004ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், புரொக்டர் அன்ட் காம்பிள் கம்பனி, தோலில் ஒட்டும் ஹோர்மோன் ஒட்டொன்றுக்கு அனுமதி கேட்டு உணவு மருந்து நிருவாகத்தின் ஆலோசனைக் குழுவின்முன் வந்தது. எதிர்த்துப் பேசியவர்களுள் ஒருவர் லியொனோர் டீபர் என்னும் உளவியலறிஞர். பெண்களின் பாலியல் துன்பங்களுக்கு வறுமை, களைப்பு, அறியாமை, பயம், கணவன் மனைவி உறவு ஆகியவற்றிலும் காரணந் தேட வேண்டும் என்று 2000ஆம் ஆண்டில் ஓர் இயக்கத்தைத் தொடங்கியவர். மருந்தற்ற ஒட்டை அணிந்தவர்களைவிட, மருந்தொட்டை அணிந்தவர்களுக்குத் திருப்தியான கூடல் மாதத்தில் ஏறத்தாழ ஒன்று கூடுதலாயிருந்தது. அவ்வளவே பயன். ஹோர்மோன் மருந்துகளால் மார்புப் புற்றுநோயும் இருதய நோயும் பெருகக்கூடும் என்று பேராய்வொன்று 2002ஆம் ஆண்டில் சொல்லியிருந்ததைக் குழுவினர் மறக்கவில்லை. நீண்டகாலப் பாதுகாப்புக்குச் சான்று போதாதென்று ஏகமனதாகச் சொல்லிவிட்டார்கள். பைசர் கம்பனி ஏறத்தாழ 3000 பெண்களிடம் வயாகராவைச் சோதித்துவிட்டு, அதே ஆண்டின் தொடக்கத்தில் கைவிட்டிருந்தது. விவஸ் கம்பனியின் களிம்போ சந்தைக்கு வரவேயில்லை.

படம் முடிந்த பின்னர் நடந்ததுதான் அரசியல் வேலை செய்யும் என்னைப் போன்றோர் படிக்க வேண்டிய பாடம். போரிங்கர் இங்கெல்ஹைம் என்ற ஜேர்மன் கம்பனி மனச்சோர்வுக்கெனத் தயாரித்த பிளிபான்செரின் என்ற குளிசை, பெண்களின் நாட்டத்தை உயர்த்தும் மருந்தாக 2010ஆம் ஆண்டில் விண்ணப்பிக்கப்பட்டது, குழு ஏற்கவில்லை. அதை வாங்கிய ஸ்பிரௌட் என்ற சிறு கம்பனிக்கும் 2013ஆம் ஆண்டில் மறுப்பே கிடைத்தது. அடுத்த ஆண்டில் ஓர் இயக்கம் கிளம்பியது. ஆண்களுக்கு 26 மருந்துகள், பெண்களுக்கு ஒன்றுமில்லை, இது பால் வேற்றுமை அன்றோ என்பது அதன் கோஷம். பெண்கள் அமைப்புகள் சில அதில் சேர்ந்தன. ஆண்களின் நாட்டக்குறைவுக்கென்று அனுமதி பெற்ற மருந்து ஒன்றேனும் இல்லை என்று நிருவாகம் விளக்கியும் கோஷம் அடங்கவில்லை. இயக்கத்துக்குப் பணங் கொடுத்தோருள் அந்த ஸ்பிரௌட் கம்பனியும் ஒன்று!

2015ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் குழு 18க்கு 6 என்ற வாக்குகளால் ஆதரித்தது. ஆகஸ்ட் 18ஆம் திகதி அனுமதி. இரு நாட்களுள் அந்தச் சிறு கம்பனியை வலியன்ட் என்ற பெருங்கம்பனி ஏறத்தாழ 100 கோடி டொலருக்கு வாங்குவதாக அறிவித்தது. குளிசையின் பயனோ, மாதத்தில் அரையிலிருந்து ஒன்று வரை. மதுவுடன் சேர்ந்தால் இரத்த அழுத்தம் வீழ்ந்து மயக்கம் வரும் என்ற எச்சரிக்கையுடன் விற்க வேண்டியதாயிற்று. அந்த மதுச் சோதனையிற் பங்குபற்றிய 25 பேரில் பெண்கள் எத்தனை பேர் தெரியுமா? இரண்டு பேர். பெண்களுக்கான மருந்தை ஆண்களுக்கு ஊட்டிச் சோதித்துவிட்டுச் சமத்துவம் பேசினார்கள்.

உரிமைக்காகக் கூட்டங்கூட்டியும், துண்டுப் பிரசுரம் எழுதியும் இருபது ஆண்டுகளைக் கழித்தவன் நான். சமவுரிமை என்ற சொல்லுக்காக மனிதர் எவ்வளவு விலை கொடுத்திருக்கின்றனர் என்பது உங்களுக்குத் தெரியும். அச்சொல்லை ஒரு கம்பனி வாடகைக்கு எடுத்து, வேலை முடிந்ததும் வைத்துவிட்டுப் போனதைப் படித்தபோது, எங்கள் மேடைகளில் ஒலிக்கும் சொற்களையும் யார் யார் வாடகைக்கு எடுத்திருக்கக்கூடும் என்ற ஐயம் எனக்கு வந்தது. அது வேறொரு நாளைக்கான பேச்சு.

படத்தின்மீது எனக்குக் குறையுமுண்டு. கருப்பையையோ சூலகத்தையோ அகற்றிய பின்னர் உண்மையாகவே துன்புறும் பெண்கள் இருக்கின்றார்கள். மனச்சோர்வு மருந்துகளால் நாட்டமிழந்தவர்களும் இருக்கின்றார்கள். 2014ஆம் ஆண்டில் நிருவாகம் நடத்திய கூட்டத்தில் அத்தகைய பெண்கள் தாமே வந்து பேசினார்கள். அவர்கள் அனைவரும் ஏமாந்தவர்கள் என்று நான் சொல்லத் துணியேன். கேனரின் நகைச்சுவை கம்பனிக்காரரைக் குத்தும் வேகத்தில், இவர்களுடைய குரலுக்குப் போதிய நேரம் விடவில்லை என்பது என் அபிப்பிராயம். படத்தைப் பார்த்துவிட்டு நீங்கள் வேறுவிதமாகக் கருதலாம். அதற்காகத்தானே காட்ட விரும்பினோம்!

வாசலில் ஓர் அம்மா என்னைப் பிடித்துக்கொண்டு, “தம்பி, இதைப் பேச ஆம்பிளை நீ ஏன்?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. மண்டபக்காரரிடம் பேசப் போனது நான். மறுப்பைப் பெற்றதும் நான். ஆகவே கணக்கொப்புவிப்பது என் கடமையாயிற்று. அதற்குமேல் எனக்கு உரிமையில்லை.

வட்டத்தின் செயலாளர் அம்மையார் வரும் ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் நான்கு மணிக்கு இதே வீட்டின் உள்ளறையில், சுவரில் வெள்ளை வேட்டி கட்டி, படத்தைக் காட்ட ஒழுங்கு செய்துள்ளார். அறையில் முப்பது பேருக்குத்தான் இடமுண்டு. முதற் காட்சி பெண்களுக்கு மட்டும். ஆங்கில உரையாடலை வாசிகசாலைத் தங்கைமார் இருவர் இடையிடையே நிறுத்தித் தமிழிற் சொல்வார்கள். ஆண்களுக்கும் காட்டுவதா, எப்போது காட்டுவது என்பதைப் பார்த்தவர்கள் அன்று மாலையே கூடித் தீர்மானிப்பார்கள். அதுவரை ஆண்களுக்குரிய வேலை, அயல்வீடுகளிலிருந்து கதிரைகளைக் கொண்டுவந்து இறக்குவது. மூன்று மணிக்கு வந்துவிடுங்கள்.