காவலில் இருக்கும் பெண்ணுக்குக் காவல் யார்?

(பண்டாரவளைக் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை)



பொலிஸ் நிலையத்துள் கொண்டுசெல்லப்பட்ட பெண் வெளியே வரும்வரை அவளுக்குக் காவல் யார்? அரசாங்கம்! பிடித்து வைப்பதும் அதுவே. காக்கக் கடமைப்பட்டதும் அதுவே. அக்கடமை தவறினால் நேர்வது யாதென இவ்வூரார்க்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. 2000 ஒக்டோபர் 25இல், அண்மையிலுள்ள பிந்துனுவெவ முகாமில், பொலிசார் பார்த்து நிற்க, காவலிலிருந்த தமிழர் இருபதுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். மேன்முறையீடுகள் முடிந்த 2005இல் குற்றவாளியென ஒருவரேனும் எஞ்சவில்லை.

பெண்களின் மானத்தைக் காக்கச் சட்டமே இல்லையோ? உண்டு. 1995ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டம் தண்டனைச் சட்டக்கோவையைத் திருத்தியது. பதவியைப் பயன்படுத்தித் தன் காவலிலுள்ள பெண்ணை வல்லுறவு செய்யும் அரச அலுவலனுக்குப் பத்தாண்டுக்குக் குறையாத, இருபதாண்டு வரை நீளும் கடூழியச் சிறை. நட்ட ஈடும் உண்டு. அவள் உடலில் காயம் காட்டியே தீரவேண்டுமென்பதில்லை என்ற விளக்கத்தையும் அச்சட்டம் சேர்த்தது. அதிகாரத்திலுள்ளோர் சொல்லாலோ செயலாலோ இழைக்கும் பாலியல் தொல்லையும் ஐந்தாண்டு வரை சிறைக்குரிய குற்றமே.

ஏட்டில் குறை அதிகமில்லை. குறை எங்கே? அவள் முறையிட வேண்டிய வாசல், அவளைக் கெடுத்தவன் உட்கார்ந்திருக்கும் வாசல்! வைத்திய பரிசோதனைக்குரிய படிவத்தைத் தருவதும் பொலிசாரே. கொழுந்து பறிக்கும் நம் சகோதரியின் வாக்குமூலம் அவள் வாசிக்கவியலாத சிங்களத்தில் எழுதப்படுகிறது. அதன் கீழ் அவள் கையெழுத்திடுகிறாள். பிறகு அதுவே அவளுக்கெதிரான சான்று!

நீர்கொழும்பில் 2000இல் கைதான தமிழ்ப் பெண்ணொருத்தி பொலிஸ் காவலில் பாலியல் சித்திரவதைக்கு உள்ளானதை உயர்நீதிமன்றம் 2002இல் ஏற்று, நட்ட ஈடு வழங்கக் கட்டளையிட்டது. அதனை வரவேற்கிறோம். எனினும் அடிப்படை உரிமை வழக்கில் பணம் கிடைக்கும். குற்றவாளி சிறை போகமாட்டான். அதற்கு வேறு வழக்கு வேண்டும், அதை விசாரிக்க வேறு ஆட்கள் வேண்டும்.

வாச்சாத்தியைப் பாருங்கள். தருமபுரி மாவட்டத்து மலைக் கிராமம். நம்மைப்போல் மலையில் உழைத்து வாழும் மக்கள். 1992 ஜூன் 20இல் சந்தனக்கட்டை தேடுகிறோமென்று வனத்துறையினரும் பொலிசாரும் வருவாய்த்துறையினரும் புகுந்தனர். பதினெட்டுப் பெண்கள் சீரழிக்கப்பட்டனர். உள்ளூர்ப் பொலிசார் விசாரித்திருந்தால் கதை அன்றே முடிந்திருக்கும். 1995இல் சென்னை உயர்நீதிமன்றம் விசாரணையை மத்திய புலனாய்வுப் பிரிவிடம் ஒப்படைத்தது. 269 பேர்மீது வழக்கு. 2011இல் உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள்! 2023இல் மேன்முறையீட்டிலும் தீர்ப்பு நிலைத்தது. பத்தொன்பது ஆண்டு அப்பெண்கள் நீதிமன்றப் படி ஏறினர். தாமதம் கொடுமைதான், ஆனால் வெளியாரின் விசாரணை இல்லையேல் அத்தீர்ப்பே இல்லை.

ஆகவே நாம் கோருவது, பொலிசார்மீதான இத்தகைய குற்றச்சாட்டைப் பொலிசாரே விசாரிக்கலாகாது. தமிழ்ப் பெண்ணின் வாக்குமூலம் தமிழிலேயே, பெண் அலுவலர் முன்னிலையில் பதியப்பட வேண்டும்.

அதுவரை சும்மா இருப்போமா? சட்டத்தரணி நண்பர்கள் பிணை கேட்பதோடு நின்றுவிடுதல் ஆகாது. நீதவான்முன் அவள் நிறுத்தப்படும் முதல் நாளிலேயே சட்ட வைத்திய அதிகாரியிடம் அனுப்பும் கட்டளையைக் கேட்டு வழக்கேட்டில் பதியச் செய்யவேண்டும். அடிப்படை உரிமை மனுவுக்குத் தவணை ஒரு மாதமே. அதற்குள் பதுளையிலுள்ள மனித உரிமைகள் ஆணைக்குழு அலுவலகத்தில் முறையிட்டால், விசாரணை நடக்கும் காலம் அத்தவணையில் சேராது. முறைப்பாட்டைத் தமிழிலேயே எழுதலாம். எழுதத் தெரியாதவர்க்கு எழுதிக் கொடுக்க, தோட்டத்துக்கு இருவர் இக்கூட்டம் கலையுமுன் பெயர் தரவேண்டும். அவ்விருவரில் ஒருவர் பெண்ணாக இருத்தல் வேண்டும்.