நான்கு படுக்கை, நூறு லிட்டர் தண்ணீர், அறுநூறு கிலோமீட்டர் கடற்கரை

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் பேசியது. பேச்சு நடையை அதிகம் மாற்றாமல் அச்சிடப்படுகிறது.)



சங்கச் செயலாளர் போன வாரம் போனில் கூப்பிட்டு, "அண்ணே, பதினைந்து நிமிஷம் பேசணும். அறிவுரை மட்டும் வேண்டாம், பசங்க எழுந்து போயிடறாங்க" என்றார். அவர் சொல்வதும் நியாயம்தான். ஆகையால் ஒரு பயணக் கதை சொல்கிறேன். 2024 பிப்ரவரியில் 1982-ஆம் வருஷ பேட்சைச் சேர்ந்த நாங்கள் நான்கு பேர், படுத்துத் தூங்க, சமைக்க வசதி உள்ள ஒரு கேம்பர் வேனை வாடகைக்கு எடுத்துக்கொண்டு, திருவான்மியூரில் கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடித்து தனுஷ்கோடி வரை போனோம். சுமார் 600 கிலோமீட்டர். ஓர் இரவில் போய்ச் சேருகிற ஊருக்கு ஆறு இரவும் ஏழு பகலும் எடுத்துக்கொண்டோம்.

யோசனை என்னுடையது அல்ல. எங்களில் ஒருவன் முப்பது வருஷமாக அமெரிக்காவில் இருக்கிறான். அங்கே ரிடையர் ஆனவர்கள் இப்படி வண்டியிலேயே குடித்தனம் நடத்திக்கொண்டு ஊர் ஊராகப் போவார்களாம். வண்டியை நிறுத்துவதற்கென்றே மைதானங்கள் உண்டு. கரண்ட், தண்ணீர்க் குழாய், கழிவைக் கொட்டும் இடம் எல்லாம் அங்கேயே இருக்கும். "நம்ம ஊர்லயும் செய்யலாம்டா" என்று வாட்ஸப்பில் ஒரு வருஷம் நச்சரித்தான். நம் கடற்கரையில் அப்படிப்பட்ட மைதானங்களை எங்கே தேடுவது? அந்தக் கேள்விக்கு விடை கண்டுபிடித்தவன் எங்கள் பழைய மெஸ் செகரட்டரி.

அவன் பெயரைச் சொல்லப்போவதில்லை. காரணம் பின்னால் தெரியும். விடுதியில் இருந்தவர்களுக்கு அவனை உடனே தெரியும். மெஸ் கணக்கு நோட்டில் அச்சுக் கோத்த மாதிரி எழுதுவான். வார்டன் அந்த நோட்டை மற்ற பிளாக்குகளுக்கு எடுத்துப்போய்க் காட்டுவார். படித்து முடித்ததும் வருவாய்த் துறையில் சேர்ந்து, தாசில்தாராகி ஓய்வு பெற்றான். அவன் செய்தது இதுதான்: நம் சங்கம் முன்பு போட்ட மலரின் கடைசிப் பக்கங்களில் இருந்த முகவரிப் பட்டியலை எடுத்தான். கடலோர ஊர்களையெல்லாம் பென்சிலால் வட்டமிட்டான். "இதுதாண்டா நம்ம மேப்" என்றான்.

பாதி எண்கள் எப்போதோ போய்விட்ட லேண்ட்லைன் எண்கள். (செயலாளர் அவர்கள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும். புதிய பட்டியல் போட்டாக வேண்டும்.) மீதி எண்களில் ஒவ்வொன்றாகக் கூப்பிட்டோம். நாற்பது வருஷம் கழித்துப் பேசுகிற ஆளிடம் முதல் கேள்வி எது தெரியுமா? "எப்படிடா இருக்கே? சரி, வீட்டு வாசல்ல வேன் நிக்க இடம் இருக்கா? பதினஞ்சு ஆம்பியர் பிளக் இருக்கா?"

பிளக் ஏன் என்றால், வேனில் ஏ.சி. உண்டு, ஆனால் எஞ்சின் ஓட வேண்டும், இல்லாவிட்டால் வெளியிலிருந்து கரண்ட் வர வேண்டும். கூரை மேல் சூரிய மின்தகடு இருந்தது. அது பேட்டரியில் சேர்த்து வைப்பது விளக்கு, சின்ன மின்விசிறி, ஒரு குட்டி ஃபிரிட்ஜ் ஆகியவற்றுக்கு மட்டுமே. தண்ணீர்த் தொட்டி நூறு லிட்டர். வீட்டில் ஒருவர் ஷவரைத் திறந்துவிட்டுப் பாட்டுப் பாடினால் அதில் பாதி காலி. வண்டியில் ஒரு சின்னக் கழிப்பறை, அதன் அடியில் ஒரு பெட்டி. அந்தப் பெட்டியைத் தினமும் யாராவது எடுத்துப்போய், தங்கும் வீட்டுக் கழிப்பறையில் கொட்டிக் கழுவ வேண்டும். முதல் நாள் சீட்டுக் குலுக்கினோம். வங்கியில் உதவிப் பொது மேலாளராக இருந்து ரிடையர் ஆனவனுக்குச் சீட்டு விழுந்தது. மெஸ் செகரட்டரி பழைய பழக்கத்தில் ஒரு நோட்டுப் போட்டு, யார் எத்தனை சொம்பு தண்ணீர் செலவழித்தார் என்று எழுத ஆரம்பித்தான். அமெரிக்காக்காரன் பெயருக்கு நேரே சிவப்பு மை.

வண்டியோடு ஓட்டுநரும் வந்தார். தருமபுரிப் பக்கத்துத் தம்பி. காலையில் எழுந்ததும் கண்ணாடியில் படிந்திருக்கும் உப்பைத் துடைத்துவிட்டு, "ஐயா, இந்தக் காத்து வண்டியத் தின்னுடும்" என்பார். மணலில் வண்டியை இறக்க மட்டும் கடைசிவரை சம்மதிக்கவில்லை. அவ்வளவு எடையுள்ள வண்டி மணலில் சிக்கினால் டிராக்டர் வைத்துத்தான் இழுக்க வேண்டும். நாங்கள் கெஞ்சியும் பிரயோஜனம் இல்லை. அதனால்தான் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தோம்.

பிப்ரவரி இந்தக் கடற்கரைக்கு நல்ல மாதம். வடகிழக்குப் பருவமழை முடிந்திருக்கும், அக்கினி வெயில் வந்திருக்காது. பகலெல்லாம் பளீரென்ற வெயில், மாலையில் கடற்காற்று. மரக்காணத்தில் சாலையோரம் உப்பளங்கள் கண்ணைக் கூசின. முதல் இரவு காலாப்பட்டில், எங்கள் வகுப்புத் தோழி வீட்டில். கேட்டைத் திறந்து எங்கள் நால்வரையும் வண்டியையும் மேலும் கீழும் பார்த்தவர், "நீங்கள்லாம் இன்னும் வளரவே இல்லையாப்பா?" என்றார். அப்புறம் இட்லி.

இரண்டாம் நாள் தரங்கம்பாடி. 1620-இல் டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டை. சற்றுத் தள்ளி மாசிலாமணி நாதர் கோயில். அதன் முன்பகுதியைக் கடல் எப்போதோ கொண்டுபோய்விட்டது. அன்று இரவு பக்கத்திலேயே பொறையாறில், எங்களுக்குப் பத்து வருஷம் ஜூனியரான ஒருவர் வீட்டில் தங்கினோம். அதற்கு முன் அவர் முகத்தைக்கூடப் பார்த்ததில்லை. "சீனியர், நம்ம மெஸ்ல இன்னும் அந்த ரசம்தானா?" என்ற ஒரு கேள்வியில் உறவு ஏற்பட்டுவிட்டது. அவருடைய அம்மா செய்த இறால் தொக்கைப் பற்றிப் பேசினால் என் நேரம் முடிந்துவிடும்.

மூன்றாம் நாள் காரைக்கால் தாண்டியதிலிருந்து மெஸ் செகரட்டரி பேசவில்லை. நோட்டையும் எடுக்கவில்லை. நாகப்பட்டினத்தில் கடற்கரைப் பக்கம் வண்டியை நிறுத்தியபோது, "நீங்க போயிட்டு வாங்கடா, நான் வண்டியிலயே இருக்கேன்" என்றான். முட்டி வலி என்று நினைத்தோம். திரும்பி வந்தபோதும் அதே இடத்தில், கடலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான்.

இரவு சாப்பாடு ஆன பிறகு, யாரும் கேட்காமலேயே சொன்னான். இங்கே சொல்வதற்கு அவனிடம் அனுமதி வாங்கியிருக்கிறேன். 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை காலையில் சுனாமி வந்தது உங்களுக்கெல்லாம் தெரியும். முன்வரிசையில் இருக்கும் பிள்ளைகளில் பலர் அப்போது பிறந்திருக்கவே மாட்டீர்கள். தமிழ்நாட்டில் ஏறத்தாழ 8,000 பேர் இறந்தார்கள். அதில் 6,000 பேருக்கு மேல் நாகை மாவட்டத்தில் மட்டும். மறுநாளே வெளி மாவட்டங்களிலிருந்து அலுவலர்களை வரவழைத்தார்கள். அப்போது துணை தாசில்தாராக இருந்த இவனும் போனான். கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால் பதிவேடு எழுதும் வேலை இவனுக்கு. அடக்கம் செய்வதற்கு முன் ஒவ்வொருவருக்கும் ஒரு வரி. பெயர் சொல்ல ஆள் இருந்தால் பெயர். இல்லாவிட்டால் அடையாளம்.

"பெண் குழந்தை, வயசு சுமார் ஆறு, பச்சைப் பாவாடை, வலது காலில் கொலுசு. பேர் தெரியல. இந்த மாதிரி எழுதிட்டே இருந்தேன்டா. ராத்திரி திரும்பிப் பாத்தா, அந்தப் பக்கம் பூரா நம்ம மெஸ் நோட்டு மாதிரியே இருக்கு. அதே கையெழுத்து. அரிசி இவ்வளவு, பருப்பு இவ்வளவுன்னு எழுதின அதே கையெழுத்து."

அதற்குப் பிறகு அவன் கடலைப் பார்க்கவில்லை. மகள் கல்யாணம் ஆகி விசாகப்பட்டினத்தில் இருக்கிறாள். வீட்டு ஜன்னலைத் திறந்தால் கடல் என்று, அங்கேயும் அவன் போனதில்லை. மனைவிக்கு மட்டும் தெரியும். ஆனால் இந்தப் பயணத்துக்கு மேப் போட்டவனே அவன்தான். "பின்னே ஏண்டா நாகப்பட்டினத்துக்கும் பென்சில்ல வட்டம் போட்டே?" என்று வங்கிக்காரன் கேட்டான். "தனியா வர முடியாதுன்னுதான்" என்றான்.

இத்தனை வருஷத்தில் நாங்கள் நால்வரும் எத்தனை கல்யாணங்களில் சந்தித்திருப்போம்! பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்து, பழைய வார்டனைப் பற்றிய அதே ஜோக்கைச் சொல்லிச் சிரித்து, ஒரு மணி நேரத்தில் தாம்பூலப் பையோடு கிளம்பியிருக்கிறோம். இப்படி ஒரு பேச்சை அங்கே யாரும் எடுக்க முடியாது. வேனில் எழுந்து போக இடம் இல்லை. இரண்டு இரவு ஒருவன் குறட்டையை மற்றவன் கேட்டாயிற்று, ஒருவன் கழிப்பறைப் பெட்டியை மற்றவன் கழுவியாயிற்று. அதற்கு மேல் மறைக்க என்ன இருக்கிறது?

மறுநாள் வேதாரண்யம் கடலில் அவன் கால் நனைத்தான் என்று சொன்னால் கதைக்கு நன்றாக இருக்கும். நனைக்கவில்லை. ஆனால் நோட்டை எடுத்தான். "நேத்து யாருடா மூணு சொம்பு எக்ஸ்ட்ரா?" என்று ஆரம்பித்தான். எங்களுக்கு அது போதுமாக இருந்தது.

வேதாரண்யத்தில் 1930-இல் ராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து நடந்து வந்து உப்பு எடுத்ததைப் பள்ளியில் படித்திருப்பீர்கள். அந்தத் தொண்டர்களுக்குச் சோறும் இடமும் கொடுத்தால் தண்டனை என்று அன்றைய தஞ்சாவூர் கலெக்டர் தார்ன் எச்சரித்தார். ஜனங்கள் சோற்றுப் பொட்டலங்களைச் சாலையோர மரங்களில் கட்டித் தொங்கவிட்டார்கள் என்று சொல்வார்கள். வாசலில் இடமும் பிளக்கும் கேட்டு அதே கடற்கரையில் போய்க்கொண்டிருந்த எங்களுக்கு அது வேறு மாதிரி பட்டது. கோடியக்கரையில் வெளிமான்களையும், தூரத்தில் பூநாரைக் கூட்டத்தையும் பார்த்தோம். பட்டுக்கோட்டைப் பக்கம் போகப் போக, உயரமான பழைய தோப்புகளுக்கு நடுவே இளந்தென்னைகள். 2018 நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயல் சாய்த்துப் போட்ட இடங்கள் அவை. ஐந்தாம் இரவு எங்களுக்கு இடம் கொடுத்த நண்பர், தாத்தா வைத்த மரங்கள் ஒரே இரவில் விழுந்ததை, வீட்டில் ஒரு சாவு விழுந்ததைச் சொல்வது போலச் சொன்னார்.

மல்லிப்பட்டினம் பக்கத்தில் மனோரா கோபுரம். ஐரோப்பாவில் நெப்போலியன் தோற்றதற்குச் சரபோஜி மன்னர் இங்கே கட்டிய எட்டு அடுக்கு நினைவுச் சின்னம். அமெரிக்காக்காரனுக்கு அதைப் பார்த்து வந்த சிரிப்பு தொண்டி வரை அடங்கவில்லை.

ஆறாம் நாள் பாம்பன். சாலைப் பாலத்தின் மேலிருந்து பார்த்தால் 1914-இன் பழைய ரயில் பாலமும், பக்கத்தில் கட்டி முடியும் நிலையில் புதியதும் தெரிந்தன. பழையதில் 2022 டிசம்பரோடு ரயில் நின்றுவிட்டது. புதியதை 2025 ஏப்ரலில்தான் திறந்தார்கள். ஏழாம் நாள் காலை தனுஷ்கோடி. ஒரு காலத்தில் மணலில் ஜீப்பில்தான் போக வேண்டும். 2017-இல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை திறந்துவிட்டார்கள். இரவில் அங்கே தங்க அனுமதி இல்லை. ஒரு பக்கம் அலையில்லாத கடலைப் பெண் கடல் என்றும், மறுபக்கம் சீறுவதை ஆண் கடல் என்றும் உள்ளூர்க்காரர்கள் சொல்கிறார்கள். வெயில் இரண்டின் மேலும் ஒரே மாதிரி அடித்தது.

இடிந்த தேவாலயத்துக்கு முன்னால் வண்டி நின்றதும் மெஸ் செகரட்டரியும் இறங்கினான். 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலில் இந்த ஊர் போனது. பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த பயணிகள் ரயிலும் அலையில் போனது. டிக்கெட் வாங்காமல் ஏறியவர்களும் இருந்ததால் அதில் போனவர்களுக்குச் சரியான கணக்கே இல்லை என்பார்கள். அவன் சுவரை ஒருமுறை தொட்டுப் பார்த்தான். "இங்க யாருடா லிஸ்ட் எழுதியிருப்பாங்க?" என்றான். நாங்கள் யாரும் பதில் சொல்லவில்லை. பிறகு நான்கு பேரும் சாலை முடியும் இடம் வரை நடந்தோம். அங்கே கடலைப் பார்க்காமல் இருக்க வழியில்லை. மூன்று பக்கமும் கடல்தான்.

அவன் இன்று இந்த அரங்கத்தில் இருக்கிறான். தயவுசெய்து திரும்பித் தேடாதீர்கள்.

மிச்சக் கடற்கரையை வரும் தை மாதம் முடிப்பதாக இருக்கிறோம். ராமநாதபுரத்தில் தொடங்கி சாயல்குடி, தூத்துக்குடி, திருச்செந்தூர், மணப்பாடு, உவரி, கன்னியாகுமரி. அமெரிக்காக்காரனுக்குப் பேத்தி பிறந்திருக்கிறாள், அவனால் வர முடியாது. ஆகவே ஒரு படுக்கை காலி. நான்காகப் பங்கு போட்டால் வாடகை ஒரு நடுத்தர ஹோட்டல் அறைக்கு மேல் ஆகாது. எந்த பேட்சாக இருந்தாலும் சரி, கூட்டம் முடிந்ததும் என்னை வந்து பாருங்கள். பெட்டி கழுவும் சீட்டு உண்டு. அப்புறம், அந்தப் பக்கம் வாசலில் இடமும் பதினைந்து ஆம்பியர் பிளக்கும் உள்ளவர்கள் யாராவது இருந்தால், அவர்கள் முதலில் வரலாம்.