அம்பிக்கு ராத்திரி குளிரணும்

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சு நடையை அப்படியே விட்டிருக்கிறோம். திரும்பத் திரும்பச் சொன்னவற்றை மட்டும் எடுத்திருக்கிறோம்.)

போன எபிசோட்ல பின்னாடி அப்பப்ப 'ஸ்ஸ்ஸ்'னு ஒரு சத்தம் கேக்குது, குக்கரான்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. குக்கர் இல்ல. மிஸ்டிங் பம்ப். என் ரூம்ல ஒரு பச்சோந்தி இருக்கான். ஏமன் பச்சோந்தி, மூணு வயசு, தலையில கத்தி மாதிரி ஒரு கொண்டை. பேரு அம்பி. நிறம் மாறினா அந்நியன்.

அவனைப் பத்திப் பேசுன்னு சொன்னதால இன்னிக்கு ஒரே ஒரு விஷயம் பேசறேன்: ராத்திரி சூடு. எனக்கு இந்தக் கோடையில தூக்கத்தைக் கெடுத்தது ப்ரொடக்‌ஷன் அலர்ட் இல்ல, இதுதான்.

நான் இருக்கறது பெர்லின்ல. அஞ்சாவது மாடி, கூரைக்கு நேர் கீழ. ஏசி கிடையாது. ஜெர்மனில வீட்டுக்கு ஏசிங்கறது இன்னும் அபூர்வம்தான், ஆனா வெயில் அபூர்வம் இல்ல. 2019 ஜூலை 25 அன்னிக்கு டூயிஸ்பர்க் பக்கம் 41.2 டிகிரி பதிவாச்சு. ராத்திரி முழுக்க 20 டிகிரிக்குக் கீழ இறங்கலன்னா, அதுக்கு இங்க 'ட்ரோப்பன்நாக்ட்'னு தனிப் பேரு. வெப்பமண்டல இரவு. சென்னைக்காரங்க சிரிப்பீங்க. நம்ம ஊர்ல 20 டிகிரின்னா ஸ்வெட்டர் தேடுவோம். ஆனா அந்த வார்த்தை அம்பிக்கு சீரியஸான வார்த்தை.

ஏன்னா பச்சோந்தின்னதும் எல்லாரும் நினைக்கறது, 'அது ஓணான் மாதிரிதானே, வெயில்ல காயற ஜீவன், அதுக்கென்ன சூடு'ன்னு. பகலுக்கு அது சரி. காலையில விளக்குக்குக் கீழ உடம்பைத் தட்டையாக்கி, கருத்துப் போய், நல்லா சூடேத்திக்குவான். ஆனா இந்த இனம் எங்கேர்ந்து வருதுன்னு பாருங்க. ஏமன், தென்மேற்கு சவுதி, பெரும்பாலும் மலைச்சரிவு. அந்தப் பக்கம் இப்னு ஒரு ஊர் இருக்கு. கிட்டத்தட்ட 2,000 மீட்டர் உயரம், நம்ம கொடைக்கானல் அளவு. பகல்ல வெயில் கொளுத்தும், சூரியன் இறங்கினதும் சட்டுனு குளிரும். கென்யா மலைப்பக்கத்து ஜாக்சன் பச்சோந்திக்கு இதைவிடக் குளிர் வேணும். மடகாஸ்கர் கடலோரத்து பேந்தர் பச்சோந்தி மட்டும் கொஞ்சம் சூடான ராத்திரியைத் தாங்கும்.

அவங்க உடம்பே அதுக்கு ஏத்த மாதிரிதான் இருக்கு. 2010-ல ஆண்டர்சன், டெபன்னு ரெண்டு பேர் இதே ஏமன் பச்சோந்தியோட நாக்கை ஆராய்ஞ்சாங்க. வெப்பநிலையை பத்து டிகிரி இறக்கினா நாக்கு வெளிய பாயற திறன் 10-லேர்ந்து 19 சதவீதம்தான் குறையுது. ஆனா அதே நாக்கை உள்ள இழுக்கற திறன் 42 சதவீதத்துக்கு மேல விழுது. காரணம், வெளிய பாயறது வில் மாதிரி. முன்னாடியே இழுத்து வெச்ச நாரோட சக்தி அது, தசை குளிர்ந்திருந்தாலும் அம்பு போகும். உள்ள இழுக்கறது மட்டும் நேரடி தசை வேலை. குளிரான காலையில எழுந்து சாப்பிடறதுக்குன்னே செஞ்ச உடம்பு!

அதனால ராத்திரி குளிர்ங்கறது அவனுக்கு சொகுசு இல்ல, ஓய்வு. அவன் தனக்குன்னு உடம்புச் சூட்டை உண்டாக்கிக்கறது இல்லையே, சுத்தி இருக்கற சூடுதான் அவன் சூடு. காத்து 17 டிகிரின்னா உடம்போட எல்லா வேலையும் மெதுவாகும். தண்ணி மிஞ்சும், சக்தி மிஞ்சும். 29-லயே நின்னா, கண்ணை மூடிட்டு இருப்பான், ஆனா உள்ள எஞ்சின் ஓடிக்கிட்டே இருக்கும். ஒரு ராத்திரின்னா சமாளிப்பான். வரிசையா ஒரு வாரம்னா கண்ணு உள்வாங்கும், எச்சத்துல வெள்ளையா இருக்க வேண்டிய பகுதி ஆரஞ்சாகும். நீர் வத்திப் போச்சுன்னு அர்த்தம்.

சரி, என்ன பண்றது? இங்கதான் எனக்குள்ள இருக்கற எஞ்சினியர் முழிச்சுக்கிட்டான்.

முதல்ல அளந்தேன். ஒரு ஈஎஸ்பி32 போர்டு, ஒரு வெப்ப-ஈரப்பத சென்சார். கூண்டுல எங்கயோ இல்ல, அவன் தூங்கற கிளை உயரத்துல. சுவத்துல தொங்கற தெர்மாமீட்டர் 27 காட்டும்போது அந்தக் கிளையில 30. சூடான காத்து மேல போய் நிக்குது, அவனும் மேலதான் தூங்கறான். இன்னொன்னு, என் ரூமோட உச்ச சூடு மத்தியானம் மூணு மணிக்கு இல்ல. ராத்திரி பத்து மணிக்கு! பகல் முழுக்க கூரை குடிச்ச சூட்டை அப்பத்தான் உள்ள விடுது. சரியா அவன் தூங்கற நேரம்.

அடுத்து எல்லாரும் சொல்றது: ஃபேன் போடு. இத நான் கொஞ்சம் அழுத்திச் சொல்லணும். ஃபேன் காத்தைக் குளிர வைக்காது. நமக்கு ஜில்லுனு இருக்கறது வியர்வை ஆவியாகறதால. பச்சோந்திக்கு வியர்வையே கிடையாது. 30 டிகிரி காத்தை அவன் மேல அடிச்சா, அது 30 டிகிரி காத்துதான், கூடவே அவன் தோலைக் காய வைக்கும். ஃபேனுக்கு ஒரே நல்ல வேலை, ராத்திரி பதினொண்ணு மணிக்கு மேல ஜன்னல்ல வெச்சு வெளிக் காத்தை உள்ள கொண்டு வர்றது. விடிகாலை வரைக்கும் அது ஓடும், சூரியன் வந்ததும் ஜன்னல், ஷட்டர் எல்லாம் மூடணும். பகல்ல 'காத்து வரட்டும்'னு திறந்து வைக்கற நம்ம ஊர்ப் பழக்கத்தை இங்க மறந்துடணும்.

ஐஸ் பாட்டில்? அதுக்குக் கணக்கு போட்டுப் பாத்தேன். ஒன்றரை லிட்டர் ஐஸ் உருகி 20 டிகிரிக்கு வர்ற வரைக்கும் ஏறக்குறைய 630 கிலோஜூல் சூட்டை உறிஞ்சும். ஆறு மணி நேரத்துக்குப் பிரிச்சா 29 வாட். தூங்கற மனுஷன் ஒருத்தன் 70, 80 வாட் சூடு விடறான். அதாவது அதே ரூம்ல நான் படுத்திருந்தா, அந்த பாட்டிலை நான் ஒருத்தனே தோக்கடிச்சிடறேன். அதனால இப்ப நான் ஹால் சோஃபாவுல தூங்கறேன். ஆனா ரூமுக்குப் பத்தாத பாட்டில் கூண்டுக்குப் பத்தும். வலைக்கூண்டோட மேல் ஓரத்துல ஒரு தட்டு வெச்சு அதுல வெச்சா, குளிர்ந்த காத்து கனமா கீழ இறங்கும். நேரா அவன் தலை மேல வேண்டாம், பக்கத்துல.

இதைவிடப் பெரிய லாபம் எங்க இருந்ததுன்னா, விளக்குல. காயற பல்பு, புற ஊதா ட்யூப், செடிக்கான எல்இடி, மூணும் சேர்ந்து 120 வாட். பன்னெண்டு மணி நேரம் எரிஞ்சா எட்டு ஐஸ் பாட்டில் உறிஞ்சற சூட்டை நானே காசு குடுத்து ரூம்ல கொட்டறேன். வெப்ப அலை வந்தா இப்ப காலை ஆறு மணிக்கு விளக்கு, எட்டு மணிக்கு காயற பல்பு ஆஃப், புற ஊதாவும் மத்தியானத்தோட சரி. சில நாளைக்கு அது போதும்.

ஈரத்துணி விஷயம் சுவாரசியம். கூண்டோட பின்பக்கம் மட்டும் ஈரத்துண்டு. வெட்டிவேர் தட்டிக்கு தாத்தா காலத்துல தண்ணி தெளிச்ச அதே லாஜிக். 30 டிகிரி, 40 சதவீத ஈரப்பதம்னா ஈரத்துணி அதிகபட்சம் 20 டிகிரி வரைக்கும் இறங்கலாம். அதே 30 டிகிரி, 80 சதவீதம்னா 27-ல நின்னுடும். மண்பானைத் தண்ணி மதுரைல ஜில்லுனு இருந்து சென்னைல சுமாரா இருக்கறது இதனாலதான். ஆனா மூடின ரூம்ல பண்ணினா கொஞ்ச நேரத்துல ரூமே சென்னை ஆயிடும். சூடு, ஈரம், நிக்கற காத்து மூணும் சேர்ந்தா நுரையீரல்ல கிருமி வரும். ஜன்னல் திறந்திருந்தாதான் துணி. புகைமூட்டம் போடற ஃபாகரும் ராத்திரி குளிர்ந்தாத்தான்.

ஏசி? ஸ்ப்ளிட் ஏசிக்கு வெளிச்சுவர்ல ஓட்டை போடணும், வீட்டு ஓனர் ஒரே வரில 'முடியாது'ன்னு பதில் போட்டுட்டார். உருட்டிட்டுப் போற ஒத்தக்குழாய் ஏசி, உள்ள இருக்கற காத்தை வெளிய தள்ளுது. அந்த இடத்தை நிரப்ப ஜன்னல் இடுக்கு வழியா வெளிச் சூடு உள்ள வருது. ஒரு கையால இறைச்சு இன்னொரு கையால ஊத்தற கதை. எதுவும் இல்லாததுக்கு அது மேல், ஆனா சத்தம் அதிகம்.

கடைசி ஆயுதம், கெல்லர். இங்க ஒவ்வொரு ஃப்ளாட்டுக்கும் கட்டடத்துக்கு அடியில ஒரு சின்ன நிலவறை உண்டு, சைக்கிள், பழைய சூட்கேஸ் போட. கோடையிலயும் எங்களது 19 டிகிரி. போன ஜூன்ல மூணாவது ராத்திரியும் கிளையில 29-க்குக் கீழ வரல. காலையில விளக்கே போடாம வாயைத் திறந்து வெச்சுக்கிட்டு, வெளிறிப் போய், கூண்டோட தரைக்கு இறங்கி வந்துட்டான். மரத்துல வாழற ஜீவன் தரைக்கு வந்தா அது உதவி கேக்கறதுதான். அன்னிக்கு சாயங்காலமே ஒரு சின்ன வலைக்கூண்டுல அவனுக்குப் பழகின கிளையைக் கட்டி, வெளிச்சம் இருக்கும்போதே அஞ்சு மாடி இறங்கினேன். இருட்டினப்புறம் எழுப்பித் தூக்கினா பயந்துடுவான். நான் ஒரு ஸ்டூல் போட்டு ஹெட்ஃபோனோட பக்கத்துல. பக்கத்து வீட்டுப் பாட்டி சைக்கிள் எடுக்க வந்து பாத்துட்டு ஒண்ணும் கேக்கல. ஜெர்மானியர்கள்கிட்ட எனக்குப் பிடிச்சது அது. நாலு ராத்திரி அப்படிப் போச்சு. ரெண்டாவது காலையிலயே ஒரு வெட்டுக்கிளியை அடிச்சான்.

கோயம்புத்தூர்லேர்ந்து ஒருத்தர் 'ப்ரோ, நானும் ஒண்ணு வாங்கலாமா'ன்னு கேட்டிருந்தார். வேண்டாம் ப்ரோ. நம்ம ஊர்ப் பச்சோந்தியைப் பிடிச்சு வளர்க்கறது 1972 வனவிலங்குச் சட்டப்படி குற்றம். வெளிநாட்டு இனமும் சைட்டிஸ் பட்டியல்ல இருக்கு. 2022 திருத்தத்துக்கு அப்புறம் அரசுகிட்ட பதிவு பண்ணாம வெச்சிருக்க முடியாது. பேப்பர் எல்லாம் சரியா இருந்தாலும், மே மாச ராத்திரி 27 டிகிரில நின்னா என்ன பண்ணுவீங்க? வருஷம் முழுக்க அதுக்குன்னு ஒரு ஏசி ரூம் ஓடணும், கரண்ட் போனா இன்வெர்ட்டரும் தாங்கணும். அந்த ராத்திரியை உங்களால குடுக்க முடியலன்னா மத்த எதைக் குடுத்தும் பிரயோஜனம் இல்லன்னு நான் நினைக்கறேன். வேலியில பாத்தா நின்னு ரசிங்க, அது போதும்.

ஏற்கனவே வளர்க்கற வெளிநாட்டு நண்பர்களுக்கு ஒண்ணு. வாய் திறந்து, வெளிறி, கீழ இறங்கிட்டான்னா ஐஸ் தண்ணில முக்காதீங்க. விளக்கை அணைச்சு, வீட்டுலயே குளிர்ச்சியான இடத்துக்கு மாத்தி, சாதாரணத் தண்ணியை மெல்லிசா தெளிங்க. குடிச்சா நல்லது. பகல்லயும் கண்ணை மூடிட்டே இருந்தா காத்திருக்காம ஊர்வன பாக்கற டாக்டர்கிட்ட போங்க. அப்படி ஒருத்தர் உங்க ஊர்ல யாருன்னு மே மாசத்துக்கு முன்னாடியே தெரிஞ்சு வெச்சுக்கோங்க.

அவ்வளவுதான் இன்னிக்கு. நாளைக்கு 35 போட்டிருக்கான், நான் போய் பாட்டில்ல தண்ணி நிரப்பணும். அடுத்த வாரம் பாக்கலாம்.