குரங்கணி ஜீப்புக்கு ஆயில் ஃபில்டர்

போன தடவை பிரேக் பத்திப் பேசினப்போ ஒரு நேயர் கேட்டிருந்தார்: "அண்ணே, குரங்கணி பக்கம் ஓடுற ஜீப்புக்கு ஆயில் ஃபில்டரை எத்தனை கிலோமீட்டருக்கு ஒரு தடவை மாத்தணும்?" நல்ல கேள்விதான். ஆனா கிலோமீட்டர்ல கேட்கிறாரே, அங்கதான் சிக்கல்.

தேனி ரோட்டுல ஒரு வண்டி மணிக்கு 40 கிலோமீட்டர்ல போகுதுன்னு வைங்க. 5,000 கிலோமீட்டர் ஓட எஞ்சின் 125 மணி நேரம் சுத்துது. அதே வண்டி மலையில ஃபர்ஸ்ட், செகண்ட் கியர்ல மணிக்கு 10 கிலோமீட்டர்ல ஊர்ந்தா, அதே 5,000 கிலோமீட்டருக்கு 500 மணி நேரம். மீட்டர் ஒண்ணுதான், ஆயில் பட்ட பாடு நாலு மடங்கு. அதனால மலை வண்டிக்குப் புத்தகத்துல போட்டிருக்கிற கணக்கு ஒத்து வராது. பாதியிலேயே மாத்திடுங்க. ஏலக்காய் எடுப்பு நேரத்துல தினமும் ஏறி இறங்குற தோட்ட வண்டின்னா அதுக்கும் முன்னாடியே.

ஒரு காலத்துல டாப் ஸ்டேஷன்ல இருந்து தேயிலை ரோப்வேயில கொட்டகுடிக்கு இறங்கிச்சு. 1924 வெள்ளத்துல மூணாறு ரயில் போச்சு. பிறகு அந்தக் காலமும் முடிஞ்சுது. இப்போ ஆள், அரிசி, உரம், காய் எல்லாம் ஜீப்தான் சுமக்குது.

"ஃபில்டர் அடைச்சா ஆயில் லைட் எரியுமே, அப்ப பாத்துக்கலாம்"னு சில டிரைவர்கள் சொல்வாங்க. எரியாது. ஃபில்டருக்குன்னு ஒரு பைபாஸ் வால்வு இருக்கு. அடைப்பு கூடினா அது திறந்து, வடிகட்டாத ஆயிலை அப்படியே எஞ்சினுக்கு அனுப்பிடும். எஞ்சின் பட்டினி கிடக்கக் கூடாதேன்னு வெச்ச ஏற்பாடு. பிரஷர் சரியாத்தான் காட்டும். உள்ளே பேரிங் அழுக்கு ஆயில்ல ஓடிட்டிருக்கும்.

சரி, மாத்துற வேலைக்கு வருவோம். டூ வீல் டிரைவ் வண்டின்னா பெரிய தொந்தரவு இல்லை. முன் ஆக்சில்ல டிஃபரென்ஷியல் கிடையாது, முன்பக்கம் போற புரொப்பல்லர் ஷாஃப்டும் கிடையாது. கீழே படுத்தா கைக்கு இடம் இருக்கும். ஃபோர் வீல்ல இது ரெண்டும் குறுக்கே நிக்கும். கழட்டுற ஆயில் ஆக்சில் மேல வழிஞ்சு, நாளைக்கு ஒழுகுதா இல்லையான்னு கண்டுபிடிக்க முடியாம பண்ணும். அதனால அடியில துணியோ அட்டையோ விரிச்சுட்டு ஆரம்பிங்க. இன்னொண்ணு: ஃபோர் வீல்ல கியர் பெட்டி, டிரான்ஸ்ஃபர் கேஸ், முன் டிஃபரென்ஷியல்னு ஒவ்வொண்ணுக்கும் தனி டிரெய்ன் பிளக் உண்டு. எஞ்சின் சம்புன்னு நெனச்சு கியர் பெட்டியைக் காலி பண்ணிட்டு, ஏற்கெனவே நிறைஞ்ச எஞ்சின்ல இன்னும் ஆயில் ஊத்தின கதையெல்லாம் உண்டு. வர்ற ஆயில் கறுப்பா, தண்ணியா வந்தா அது டீசல் எஞ்சின் ஆயில். கெட்டியா, கந்தக வாசனையோட வந்தா உடனே பிளக்கை மூடுங்க.

வண்டி சமதளத்துல நிக்கணும். குரங்கணியில சமதளம் தேடுறதே தனி வேலைதான், இருந்தாலும் தேடுங்க. சாய்ஞ்சு நின்னா பழசு முழுசா வடியாது, டிப் ஸ்டிக்கும் பொய் சொல்லும்.

இப்ப நான் பண்ணின தப்பைச் சொல்றேன். வேலை பழகி ரெண்டு வருஷம் இருக்கும். சாயங்காலம் ஒரு ஃபோர் வீல் வண்டிக்கு ஃபில்டர் மாத்தினேன். கிளப்பிப் பார்த்தேன், ஒழுகலை, அனுப்பிட்டேன். மறுநாள் விடியக்காலையில ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏத்திட்டு போடிமெட்டு ஏறியிருக்கு. அந்த ரோட்டுல 17 கொண்டை ஊசி வளைவு. பாதி மலையில ஆயில் லைட் எரிஞ்சதும் டிரைவர் எஞ்சினை அணைச்சுக் கல் போட்டு நிறுத்திட்டார். நல்ல மனுஷன், "அடுத்த வளைவு வரைக்கும் போவோம்"னு நினைக்கலை. பின்னாடி ரோடெல்லாம் ஆயில் கோடு. பொம்பளை ஆளுங்க தூக்குச்சட்டியோட இறங்கி ஓரமா நின்னாங்களாம்.

என் குரு திட்டலை. "பழைய டப்பாவை எடுத்துட்டு வா"ன்னார். எடுத்துட்டு வந்தேன். அதோட வாயில ரப்பர் வளையம் இல்லை. அது எஞ்சின்லயே ஒட்டிக்கிட்டு இருந்திருக்கு. அது மேல புது வளையத்தோட புது டப்பாவைத் திருகியிருக்கேன். ரெண்டு ரப்பர் ஒண்ணு மேல ஒண்ணு உட்காராது. நின்ன இடத்துல தாங்கும். காலையில ஆயில் குளிர்ந்து கெட்டியா இருக்கிறப்போ பிரஷர் ஏறும், அப்புறம் மலையில ரேஸ் கொடுத்துக்கிட்டே ஏறணும். அதுல ஒரு வளையம் பிதுங்கி வெளிய வந்துடுச்சு. டூ வீல் வண்டியா இருந்தா ஃபில்டர் உட்கார்ற முகத்தைக் கண்ணால பார்த்திருப்பேன். ஃபோர் வீல்ல இடம் இல்லைன்னு கைத் தடவல்லயே முடிச்சுட்டேன்.

இறக்கத்துல நடந்திருந்தா என்ன ஆகியிருக்கும்னு நெனச்சா இன்னைக்கும் வயித்தைக் கலக்கும். நிறைய டீசல் ஜீப்புல பிரேக் பூஸ்டருக்கான வேக்குவம் பம்ப் ஆல்டர்னேட்டர் பின்னாடிதான் இருக்கு. அதுக்கும் எஞ்சின் ஆயில்தான் போகணும். ஆயில் போனா பம்பும் கெடும், பிரேக் மிதி கல்லு மாதிரி ஆகும். எஞ்சின் பிடிச்சுக்கிட்டா இன்னும் மோசம்.

அதனால புது டப்பாவைத் தொடுறதுக்கு முன்னாடி பழசுல வளையம் இருக்கான்னு பாருங்க. இல்லைன்னா கண்ணாடியும் டார்ச்சும் வெச்சாவது எஞ்சின்ல தேடி எடுங்க. முகத்தைத் துடைங்க. புது வளையத்துல விரலால கொஞ்சம் ஆயில் தடவுங்க. இல்லைன்னா முறுக்கிக்கும், அடுத்த தடவை ஒட்டிக்கும். வளையம் தொட்டதும் கையாலயே முக்கால் சுத்து. ஸ்பேனர் கழட்டுறதுக்குத்தான், இறுக்குறதுக்கு இல்லை. கிளப்பினதும் ரேஸ் பண்ணாதீங்க, லைட் அணையட்டும். நிறுத்தி, கொஞ்ச நேரம் விட்டு டிப் ஸ்டிக் பாருங்க. ஃபில்டர் குடிச்ச அளவுக்குக் குறைஞ்சிருக்கும்.

பழைய ஆயிலைக் கேன்ல பிடிச்சு, பழைய ஆயில் எடுக்கிறவங்ககிட்ட கொடுங்க. ஓடையில ஊத்தினா அது கொட்டகுடி ஆறு வழியா போடிக்குத்தான் வரும்.

இப்பல்லாம் கழட்டினதும் பழைய டப்பாவை டிரைவர் கையிலயே கொடுத்து, "வளையம் இருக்கா பாருங்கண்ணே"ன்னு கேட்கிறேன். அவர் பார்த்துத் தலையாட்டினப்புறம்தான் புதுசைத் திருகுவேன். அடுத்த தடவை டிரான்ஸ்ஃபர் கேஸ் ஆயில் பத்திப் பேசுவோம்.