பெண்களும் மோட்டார் வண்டியும்

(ஐயப்பன்தாங்கலில் நடந்த பொதுக்கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



மோட்டார் வண்டிகளின் மேல் ஆயுள் முழுதும் ஆசை வைத்த பெண்களைப் பற்றிப் பேசவேண்டுமென்று இக்கூட்டத்தைக் கூட்டிய தோழர்கள் கேட்டுக்கொண்டார்கள். நான் எட்டாவது வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். இஞ்சின் சங்கதியெல்லாம் பழைய புத்தகக் கடையில் வாங்கிப் படித்தும், பட்டறை வாசலில் நின்று பார்த்தும் தெரிந்துகொண்டதுதான். ஆதலால் பிழையிருந்தால் இங்குள்ள மெக்கானிக் தோழர்கள் எழுந்து திருத்தலாம்.

நாம் இருக்கிற இடத்தைப் பாருங்கள். வெளியே பூந்தமல்லி ரோடு. இந்த ஊரிலேயே பஸ் டிப்போ. வடக்கே ஆவடியில் யுத்த டாங்கி செய்கிறார்கள். பெங்களூர் ரோட்டில் மேற்கே போனால் இருங்காட்டுக்கோட்டையில் கார் தொழிற்சாலை. அங்கேயே மோட்டார் பந்தயத் திடலும் இருக்கிறது. திருவொற்றியூரில் 1950-களின் மத்தியிலிருந்து என்ஃபீல்ட் புல்லட் செய்திருக்கிறார்கள். இப்படி நாலு பக்கமும் வண்டி பிறக்கிற சீமையில், நம் பெண்ணுக்கு வண்டியில் எந்த இடம் கொடுத்திருக்கிறோம்? பின் ஸீட்! அதிலும் ஒரு பக்கமாகக் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு!

இதற்குச் சட்டமே சாட்சி. 1989-ஆம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123-ஆவது விதி என்று ஒன்றிருக்கிறது. பின்னால் உட்காருகிறவர் பிடித்துக்கொள்ளக் கைப்பிடி வேண்டும், கால் வைக்கத் தாங்கி வேண்டும், உடுப்பு சக்கரத்தில் சிக்காதபடி பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைப்பு வேண்டும் என்பது அவ்விதி. நல்ல விதிதான், எத்தனையோ உயிரைக் காப்பாற்றுகிறது. ஆனால் கடைக்காரர் அந்த மறைப்பை என்ன பெயர் சொல்லி விற்கிறார்? "ஸாரி கார்டு" என்கிறார். புடவை இருக்கவேண்டிய இடம் பின்னால்தான் என்று அதைத் தட்டிப் பொருத்தும்போதே தீர்மானமாகிவிடுகிறது! (சிரிப்பு)

இனி ஆயுத பூஜைக்கு வாருங்கள். வண்டிக்குச் சந்தனம், குங்குமம், மாலை எல்லாம் போட்டுச் சக்கரத்துக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குகிறோம். வண்டியைத் துடைத்துப் பொட்டு வைக்கிற வேலை முழுவதும் பெண்ணுடையது. ஆனால் அதே பெண் "இன்று வீட்டுக்கு வெளியே" என்றால் வண்டியைத் தொடக்கூடாது. தாலியறுத்தவள் எதிரே வந்தால் வண்டி கிளம்பக்கூடாது. தோழர்களே! கார்புரேட்டருக்குத் தீட்டு தெரியுமா? பெட்ரோலும் காற்றும் சரியான அளவில் கலந்து, பொறி சரியான நேரத்தில் விழுந்தால் இஞ்சின் ஓடும், இல்லாவிட்டால் நிற்கும். கையில் வளையல் இருக்கிறதா என்று அது பார்ப்பதில்லை. எலுமிச்சம்பழத்துக்குச் செலவிட்ட காசில் பிரேக் கேபிள் ஒன்று வாங்கி மாட்டியிருந்தால் எத்தனை பேர் கை கால் தப்பியிருக்கும்!

"பெண்களுக்கு இதில் இயற்கையாகவே நாட்டமில்லை" என்று சிலர் சொல்லுவார்கள். நாட்டமில்லாதவளுக்கு வேலி எதற்கு என்பதுதான் என் கேள்வி. நம் சென்னையிலேயே அலிஷா அப்துல்லா என்ற பெண் இருக்கிறார். 1989-இல் பிறந்தவர். ஒன்பது, பத்து வயதிலேயே கோ-கார்ட் என்னும் சின்னப் பந்தயக் காரை ஓட்ட ஆரம்பித்து, பிறகு 600 சி.சி. மோட்டார் சைக்கிளில் ஆண்களோடு சரிக்குச் சரி பந்தயம் ஓட்டி, பிறகு காருக்கும் போய், பெண்களுக்கென்றே பந்தயப் பயிற்சிக்கூடமும் வைத்தார். பெங்களூரைச் சேர்ந்த ஐஸ்வர்யா பிஸ்ஸே 2019-இல் மோட்டார் சைக்கிளில் பெண்களுக்கான உலகக் கோப்பையே வென்றார். ஆனால் ஒன்று கவனியுங்கள். அலிஷாவின் தகப்பனார் அப்துல்லா தாமே பேர்பெற்ற மோட்டார் சைக்கிள் பந்தயக்காரர். வீட்டிலேயே வண்டி, வீட்டிலேயே வாத்தியார். அப்படிப்பட்ட தகப்பன் கிடைக்காத பெண் என்ன செய்வாள்?

இங்கிலாந்தில் பீட்ரிஸ் ஷில்லிங் என்று ஒரு அம்மாள். 1909-இல் பிறந்தவர், கசாப்புக் கடைக்காரர் மகள். பதினாலு வயதில் ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கினார். எந்த வண்டி தெரியுமா? ராயல் என்ஃபீல்ட்! நம் புல்லட்டுக்குத் தாய்வீடு. (கைதட்டல்) மான்செஸ்டரில் எஞ்சினீயரிங் படித்தார். நார்ட்டன் என்ற 500 சி.சி. வண்டியை வாங்கி, கம்பெனிக்காரன் கொடுத்தபடி விட்டுவைக்காமல் தம் இஷ்டப்படி மாற்றி, 1934-இல் புரூக்லண்ட்ஸ் பந்தயத் திடலில் மணிக்கு 106 மைல், அதாவது 170 கிலோமீட்டர் வேகத்தில் சுற்றினார். அதோடு விட்டதா? யுத்தத்தில் பிரிட்டிஷ் விமானங்கள் தலைகுப்புறப் பாயும்போது இஞ்சின் திணறி நின்றுபோகும். பெட்ரோல் தாறுமாறாகக் கார்புரேட்டருக்குள் வெள்ளமாய்ப் பாய்வதுதான் காரணம். இந்த அம்மாள் ஓட்டையுள்ள ஒரு சின்னப் பித்தளை வில்லையைக் குழாயில் வைத்து, வேண்டிய அளவுக்குமேல் பெட்ரோல் போகாதபடி செய்தார். 1941-இல் விமானத் தளம் தளமாக மோட்டார் சைக்கிளிலேயே போய் அதைப் பொருத்தச் செய்தார். பிற்காலத்தில் கணவனும் மனைவியுமாகக் கார்களைப் பிரித்துச் சேர்த்துப் பந்தயம் ஓட்டினார்கள். 1990-இல் காலமாகும்வரை அந்த அம்மாளுக்கு இஞ்சின்தான் பேச்சு.

இது வெள்ளைக்காரிக்கு நடக்கும், நமக்கு நடக்காது என்பீர்களானால் புதுக்கோட்டையைச் சொல்லுகிறேன். 1990-களின் ஆரம்பத்தில் அங்கே கலெக்டராயிருந்த ஷீலா ராணி சுங்கத் அவர்கள் அறிவொளி இயக்கத்தோடு பெண்களுக்கு சைக்கிளும் கற்றுக்கொடுக்கச் செய்தார். கல்லுடைக்கிற பெண்களும், வயலில் வேலைசெய்யும் பெண்களும் ஆயிரமாயிரமாய்ச் சைக்கிள் ஏறினார்கள். முதலில் கேலி, பிறகு அவள் ஓட்டினால்தான் குடும்பத்துக்குத் தண்ணீரும் சந்தைச் சாமானும் வரும் என்றானபோது கேலி செய்தவனே சைக்கிளுக்குக் காற்றடித்துக் கொடுத்தான். 1993-இல் கன்னியாகுமரி ஜில்லாவைச் சேர்ந்த வசந்தகுமாரி அம்மாள் அரசாங்கப் பஸ்ஸையே ஓட்டக் கிளம்பிவிட்டார்.

இனி என் சொந்த யோக்கியதையைச் சொல்லுகிறேன். என் அண்ணன் மகள் ஆறு வயதிலிருந்தே மெக்கானிக் ஷெட் வாசலில் உட்கார்ந்திருப்பாள். சத்தத்தைக் கேட்டே "டாப்பெட் தளர்ந்திருக்கு" என்பாள். பத்தாவது தேறியதும் ஐ.டி.ஐ.யில் இரண்டு வருஷ மோட்டார் மெக்கானிக் படிப்பில் சேரவேண்டுமென்றாள். அண்ணன் என்னிடம் யோசனை கேட்டார். மேடைமேடையாய்ப் பெண் விடுதலை பேசுகிற நான் என்ன சொன்னேன்? "கை நிறையக் கரியும் கிரீஸுமாயிருந்தால் எவன் கட்டிக்கொள்வான்? கம்ப்யூட்டர் படிக்கட்டும்" என்றேன். அந்தப் பெண் என்னைப் பார்த்து, "சித்தப்பா, நீங்க மேடையில பேசறது யார் வீட்டுப் பொண்ணுக்கு?" என்று கேட்டாள். எனக்கு நாக்கு எழவில்லை. இது ஆறு வருஷத்துக்கு முந்திய சங்கதி. இன்று அவள் செல்போன் கடையில் பில் போடுகிறாள். ஞாயிற்றுக்கிழமைதோறும் கொல்லையில் தகப்பனாரின் பழைய டி.வி.எஸ். 50-ஐப் பிரித்துப் போட்டுக்கொண்டிருக்கிறாள். தன் உயரத்துக்குத் தக்கபடி ஸீட்டைத் தணித்து, பிரேக் பிடியைத் தன் விரலுக்கு எட்டும்படி வளைத்து வைத்திருக்கிறாள். நம் கடைத்தெருவில் விற்கிற வண்டிகளில் பெரும்பாலானவை ஆண் உடம்பை அளவெடுத்துச் செய்தவை. அதனால் இந்த மாதிரி வேலை பெண்ணுக்கு ஆடம்பரமல்ல. (இஷ்டப்படி எல்லாம் மாற்றிவிடவும் கூடாது, தோழர்களே, 1988-ஆம் வருஷத்துச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு குறுக்கே நிற்கிறது. கம்பெனி அமைப்பை மாற்றக்கூடாதென்று 2019-இல் சுப்ரீம் கோர்ட்டும் சொல்லியிருக்கிறது.)

செய்த தப்பைத் திருத்தலாமென்று இந்த ரோட்டில் போரூரிலிருந்து பூந்தமல்லிவரை ஷெட் ஷெட்டாய் ஏறி இறங்கினேன். "பெண்ணைச் சேர்த்தால் வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடும்" என்றார் ஒருவர். "வீட்டில் ஒப்பமாட்டார்கள்" என்றார் இன்னொருவர். யார் வீட்டில் என்று சொல்லவில்லை. உண்மையான காரணத்தைச் சொன்னவர் ஒரே ஒருவர்தான்: "ஐயா, இங்கே கக்கூஸ் இல்லையே!" நூறு வேதாந்தத்தைவிட அது நியாயமான பேச்சு.

அவர் இந்தக் கூட்டத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார். பக்கத்து இடத்தில் ஒரு மறைவிடம் இருக்கிறதாம். அதற்குக் கதவும் தாழ்ப்பாளும் போட்டுக்கொடுத்தால் திங்கட்கிழமை முதல் அவளை அனுப்பச் சொன்னார். கதவுச் செலவு என்னுடையது. இன்னும் இரண்டு ஷெட்காரர்கள் இங்கே இருப்பதாகக் கேள்வி. கூட்டம் கலைவதற்கு முன் அவர்களும் என்னைப் பார்க்கவேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.