சேலத்து வெண்குன்றும் கருந்தாதும்

பதுளையை அடுத்த ஸ்பிரிங்வெளியிலே, நமுனுகுல மலையின் நிழலிலே வாழ்பவன் நான். சில காலத்துக்கு முன்னர் எங்கள் பாடசாலை மாணவன் ஒருவன், லயத்துக்குக் கீழேயுள்ள ஓடையில் பொறுக்கிய கருங்கல் ஒன்றை என் மேசைமீது வைத்து, "ஐயா, எவர்சில்வர் செய்வதற்கு வேண்டிய குரோமியம் இதிலே உண்டா?" என்று வினவினான். நானோ கலைப்பட்டதாரி. இலக்கியமும் வரலாறும் கற்றவனுக்குக் கல்லின் வரலாறு தெரியவில்லை. "நாளை சொல்கிறேன்" என்று அனுப்பிவிட்டு, நூல்களைத் தேடத் தொடங்கினேன். அத்தேடலிலே அறிந்தவற்றையே இன்று உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

குரோமியத்தை 1797ஆம் ஆண்டிலே, சைபீரியாவிலிருந்து வந்த செந்நிறக் கனியமொன்றில் கண்டறிந்தவர் வோக்கலின் என்னும் பிரெஞ்சு அறிஞர். அதன் பெயர், நிறம் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லின் வழி வந்தது. பொருத்தமான பெயரே! நம் நாட்டு மாணிக்கக்கல்லின் செம்மைக்கும் மரகதத்தின் பசுமைக்கும் காரணம் சிறிதளவு குரோமியமே. உருக்கோடு நூற்றுக்குப் பத்தரைப் பங்குக்குக் குறையாமல் அது சேருமாயின், மேற்பரப்பிலே கண்ணுக்குப் புலனாகாத மெல்லிய படலம் உண்டாகித் துருவைத் தடுக்கும். நாம் உண்ணும் எவர்சில்வர்த் தட்டின் இரகசியம் இதுதான்.

இவ்வுலோகத்தைத் தரும் தாது குரோமைற்று எனப்படும் கருநிறக் கனியம். அது பிறந்த விதம் விந்தையானது. நிலத்தின் ஆழத்திலிருந்து எழும் பாறைக்குழம்பு ஆறத் தொடங்கும்போது, முதலிலே திரளும் பளிங்குகளுள் குரோமைற்றும் ஒன்று. பாரம் மிகுந்ததாதலின் அது கீழே படிந்து, ஓரிடத்திலே படையாகவோ வில்லையாகவோ சேர்கின்றது. வில்லையாகச் சேர்ந்த இடத்திலே தோண்டினால் சில காலம் தாது கிடைக்கும். பின்னர் திடீரென அற்றுப்போகும்.

நியூசிலாந்தின் நெல்சன் நகருக்கு அருகே, காடடர்ந்த மலைத்தொடரிலே, டன் மலை என்றொரு மலை உண்டு. அங்கிருந்து குரோமைற்றைக் கொண்டுவருவதற்காக 1862ஆம் ஆண்டிலே குதிரைகள் இழுக்கும் வண்டிகளுக்கு இருப்புப்பாதை அமைத்தனர். அந்நாட்டின் முதல் இருப்புப்பாதை அதுவே. ஆனால், எதிர்பார்த்த அளவு தாது இல்லை. சில ஆண்டுகளிலே சுரங்கம் கைவிடப்பட்டது. மலையின் பெயர் மட்டும் 'டனைற்று' என்னும் பாறையின் பெயராய் உலகெங்கும் நிலைத்துவிட்டது.

அதே டனைற்றுப் பாறை தமிழகத்திலும் உண்டு. சேலம் நகருக்கு வடக்கே, சேர்வராயன் மலையின் அடிவாரத்திலே உள்ள வெண்குன்றுகளே அவை. கரியமில வாயு கலந்த நீர் பாறைக்குள் புகுந்து, அதை வெள்ளைக்கல்லாக, அதாவது மக்னசைற்றாக, மாற்றியமையால் குன்றெங்கும் வெண்ணிற நரம்புகள் ஓடுகின்றன. அங்குள்ள புகையிரத நிலையமொன்றுக்கே மேக்னசைட் சந்தி என்று பெயர். அவ்வெண்மைக்கிடையே, மாறாத கருமணிகளாய் எஞ்சியிருப்பது குரோமைற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே கருப்பூருக்கு அருகே அதை அகழ்ந்து இங்கிலாந்துக்கு ஏற்றுமதி செய்தனர். அத்தாது நெடுநாள் நீடிக்கவில்லை. வெள்ளைக்கல் அகழ்வோ இருபதாம் நூற்றாண்டிலே பெருந்தொழிலாய் வளர்ந்தது. பின்னர் அதே சேலத்திலே துருப்பிடிக்காத உருக்காலை எழுந்தபோதிலும், இந்தியாவின் குரோமைற்றில் மிகப் பெரும் பங்கைத் தருவது ஒடிசாவின் சுகிந்தாப் பள்ளத்தாக்கே. அங்கே சுரங்க நீரிலே கலந்த நச்சுக் குரோமியம் குடிநீரைக் கெடுத்த கதையும் உண்டு. பயனும் கேடும் ஒரே தாதில் உறைகின்றன.

சேலத்துக்கும் ஊவாவுக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்கலாம். சேலம், திருச்சி முதலிய மாவட்டங்களிலிருந்தே நம் முன்னோர் பலர் கோப்பித் தோட்டங்களுக்கும் தேயிலைத் தோட்டங்களுக்கும் வந்தனர். அவர்கள் விட்டுவந்த சேர்வராயன் மலையிலும், வந்து சேர்ந்த இம்மலைநாட்டிலும் சார்னொக்கைற்று என்னும் ஒரே இனப் பாறை காணப்படுகின்றது. கோண்டுவானா என்னும் பழங்கண்டத்திலே இரு நிலங்களும் இணைந்திருந்தன. மனிதர் கடல் கடப்பதற்குப் பல கோடி ஆண்டுகளுக்கு முன்பே கற்கள் உறவு கொண்டாடியிருக்கின்றன!

மாணவனின் கல்லுக்கு வருவோம். மெருகிடாத பீங்கானிலே உரைத்தால் குரோமைற்று கபிலநிறக் கோடு இடும் என்று படித்திருந்தேன். உடைந்த ஓட்டின் அடிப்புறத்திலே இருவரும் உரைத்துப் பார்த்தோம். கோடு கறுப்பாக விழுந்தது. காந்தத்தைக் கொண்டுவந்தோம், கல் தாவி ஒட்டிக்கொண்டது. அது இரும்புத் தாது. "அப்படியானால் இது விலைபோகாதா, ஐயா?" என்றான் பையன், வாடிய முகத்தோடு.

விலை போகாதுதான். எனினும், கல்லைக் கேள்வி கேட்கும் பழக்கம் விலைமதிப்பற்றது. 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் நாள், நம் ஊவாவின் மீரியபெத்தையிலே மலை சரிந்து லயங்களை மூடியதை நாம் மறக்க இயலுமா? தலைமுறை தலைமுறையாக இம்மண்ணைக் கொத்தியவர்கள் நாம். நிலத்தில் புதிதாய் வெடிப்புக் கண்டால், ஊற்று நீர் திடீரெனக் கலங்கினால், அதன் பொருளை அறிந்து உரியவர்க்கு உரைக்க நம் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். மலையை உழைப்பால் அறிந்த சமூகம், இனி அதை அறிவாலும் அறியட்டும்.

அந்தக் கல் இன்னும் என் மேசையிலே இருக்கின்றது. அதனருகே இப்போது வேறு ஏழு கற்களும் சேர்ந்திருக்கின்றன.