அளவுகோலும் குழந்தையும்

பள்ளியில் பின்தங்கும் பிள்ளைக்குத் தனிக்கல்வி தேவையா என்பதை எவ்வாறு தீர்மானிப்பது? நுண்ணறிவுச் சோதனையை 1905-இல் சைமனோடு சேர்ந்து வகுத்த பிரெஞ்சு அறிஞர் பினே, உதவி வேண்டும் குழந்தைகளைக் கண்டறியவே அதனை அமைத்தார். ஆயினும், நல்ல கருவியும் தவறாகக் கையாளப்படுவதுண்டு.

அமெரிக்காவிலே, கலிபோர்னியா மாநிலத்தில், ஸ்பானிய மொழி பேசும் இல்லங்களைச் சேர்ந்த ஒன்பது குழந்தைகளை ஆங்கிலத்தில் சோதித்து, அறிவு வளர்ச்சி குன்றியோர் வகுப்பில் அமர்த்தினர். தாய்மொழியிலும் சோதித்தபோது, அவர்களுள் பெரும்பாலோர் அவ்வகுப்புக்கு உரியவரல்லர் என்பது புலனாயிற்று. வழக்கு நீதிமன்றம் சென்று, 1970-இல் உடன்பாட்டில் முடிந்தது. பின்னர் 1975-இல் இயற்றப்பெற்ற கல்விச் சட்டம், சோதனை இயன்றவரை குழந்தையின் தாய்மொழியில் நடைபெற வேண்டும் என்றும், ஒரே சோதனையைக் கொண்டு முடிவு செய்தலாகாது என்றும் விதித்தது.

இவ்விதி எந்நாட்டுக்கும் பொருந்துவதே. தலைமையாசிரியனாக இருந்த காலத்தில், மதிப்பெண்ணைப் பார்க்குமுன் சில கேள்விகளைக் கேட்பது என் வழக்கம். பிள்ளைக்குக் கரும்பலகை தெளிவாகத் தெரிகிறதா? காது நன்கு கேட்கிறதா? வீட்டில் பேசும் மொழி யாது? பள்ளிக்கு ஒழுங்காக வருகிறானா? பெற்றோர் கூறுவது என்ன? இவற்றிற்கெல்லாம் விடை கண்ட பின்னரும் இடர்ப்பாடு நீடிக்குமாயின், தனிக்கல்வியைத் தயங்காமல் அளித்தல் வேண்டும். தேவையற்றவனை ஒதுக்குவது எத்துணைப் பிழையோ, தேவையுள்ளவனுக்கு நாணத்தால் உதவியை மறுப்பதும் அத்துணைப் பிழையே.

உங்களுள் பலர் நாளை ஆசிரியராவீர்கள். ஒரு பிள்ளையின் பெயருக்கு எதிரே 'மந்தம்' என்று எழுதுமுன், அவனுக்குப் புரியும் மொழியில் கேட்டோமா என்று எண்ணிப் பாருங்கள்.